பட்டம் இருக்கிறது, வரலாறு உதைக்கிறது: இல்லாத பதவிகளுக்குக் கதை கட்டுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

விளையாட்டு இதுதான். ஒருவர் உலகத்தில் இல்லாத ஒரு பட்டத்தையோ வழக்குத்தொடரையோ சொல்வார். பின்னீர் மணியம், புதுவெளி விளக்குப்பிள்ளை, தரங்கம்பாடி மரக்கால், இப்படி எதுவானாலும் சரி. அது எப்படி வந்தது என்று மற்றவர்கள் ஒரு வரலாறு கட்ட வேண்டும். நடந்த வரலாற்றில் ஒரே ஓர் இடத்தில் வேறு மாதிரி நடந்திருக்கும். அதன் விளைவாக அந்தப் பட்டம் தானாக முளைத்திருக்கும். காவிரிப் படுகையில் இதற்குச் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. சோழர், நாயக்கர், மராத்தியர், போர்த்துகீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், கும்பெனிக்காரர் என்று வந்தவரெல்லாம் ஆளுக்கொரு பதவிப் பெயரையும் ஒரு வரியையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கதை கட்டுவது எளிது. கட்டிய கதை நிற்காதபோது ஓட்டை எங்கே என்று தேடுவதுதான் பாடு. இதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் கதையில் எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கே போங்கள். ஒன்றும் பிடிபடவில்லை என்றால் முதல் அறிகுறியில் தொடங்குங்கள். நோய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அறிகுறி: கேட்டவர்கள் "நல்லா இருக்கு" என்கிறார்கள், யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை

கதையில் ராஜா இருக்கிறாரா என்று பாருங்கள். இருப்பார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் யாரிடம் ஒரு பட்டத்தைக் கொடுத்தாலும் முதல் வரியிலேயே ராஜராஜ சோழன் வந்து அதை வழங்கிவிடுவார். போரில் காட்டிய வீரத்துக்காக, அல்லது ஒரு புலவரின் பாட்டுக்காக. அப்புறம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ராஜா கொடுத்தார், இவர் வாங்கிக்கொண்டார், கதை முடிந்தது.

ராஜாவை வெளியே அனுப்பிவிட்டு ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பதவிக்குச் சம்பளம் யார் கொடுத்தது, எதில் கொடுத்தது? நெல்லா, நிலமா, பணமா? களத்துமேட்டில் மரக்காலால் அளந்து கொடுத்தார்களா, மானியமாக ஒரு மா நிலம் விட்டார்களா, மாதம் பிறந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கினாரா? அது நின்றபோது யாரிடம் போய் முறையிட்டார்?

இதை ராஜராஜனிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். பெரிய கோயில் கல்வெட்டில் போர்ப் பெருமை இருக்கிறது. ஆனால் நாம் வாய்பிளந்து பார்க்க வேண்டியது சம்பளப் பட்டியல். கோயிலில் ஆடும் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, வந்த ஊர். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அளக்க வேண்டிய மரக்காலுக்குக்கூட ஆடவல்லான் என்று பெயர் இருக்கிறது. அதே பட்டியலில் குடை பிடிப்பவர், விளக்கு வைப்பவர், நாவிதர், தையற்காரர், கணக்கர் எல்லோரும் வருகிறார்கள். ஒருவர் இறந்துபோனாலோ வேறு ஊருக்குப் போய்விட்டாலோ அந்தப் பங்கு நெருங்கிய உறவினருக்குப் போகும். அவருக்கு வேலை தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அமர்த்த வேண்டும். இந்த ஒரு விதியிலேயே எத்தனை வம்பு ஒளிந்திருக்கிறது பாருங்கள். வேலை தெரியாத மருமகன் ஒருவன் போதும், பாதிக் கதை நகர்ந்துவிடும்.

"புதுவெளி விளக்குப்பிள்ளை"யை இப்படிச் சரிசெய்து பார்ப்போம். நாகப்பட்டினத்தில் ஒரு பழைய செங்கல் கோபுரம் நின்றது. சூடாமணி விகாரம் இருந்த ஊரல்லவா, பௌத்தர் காலத்து மிச்சம். புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் சொல்வார்கள். கப்பல்காரர்களுக்கு அது கரை அடையாளம். 1867-ல் அதை இடித்துவிட்டார்கள். நம் கதையில் இடிக்கவில்லை. அவ்வளவுதான் மாற்றம். கோபுரம் மிஞ்சியது, அதன் உச்சியில் விளக்கு வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. முதல் வரைவில் அவருக்கு ஏதோ ஓர் அரசர் கனவில் வந்து வேலை கொடுப்பார். அதைத் தூக்கி எறியுங்கள். எண்ணெய்ச் செலவைத் துறைமுகக்காரர்கள் கொடுப்பதா, ஊர்க்காரர்கள் கொடுப்பதா என்று இழுபறி. இரண்டு பேரும் கொடுக்காத மாதத்தில் விளக்கு எரியவில்லை, ஒரு தோணி தரை தட்டியது. விளக்குப்பிள்ளை இலுப்பை எண்ணெயை விற்றுத் தின்றுவிட்டார் என்று ஒரு புகார். இல்லை, எலி குடித்தது என்று அவர் பதில். இப்போது கேளுங்கள், எத்தனை கேள்வி வருகிறது என்று.

அறிகுறி: ஒன்றை மாற்றினேன், மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது

அதிகம் பார்க்கும் உதாரணம்: மேட்டூர் அணை கட்டப்படாத காவிரி. நல்ல மாற்றம்தான். ஆனால் எழுதுபவர் அணையை மட்டும் எடுத்துவிட்டு, அதே கதையில் மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறக்க வைத்திருப்பார். ஒரத்தநாட்டில் வாய்க்கால் ஓடும். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒருவர் புது ஆற்றில் குளித்துக்கொண்டிருப்பார்.

புது ஆறு என்று ஊரில் சொல்லும் கல்லணைக் கால்வாய் மேட்டூர்த் திட்டத்தோடு சேர்ந்து 1934-ல் வந்தது. அணை இல்லை என்றால் அந்த ஆறும் இல்லை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பெரும்பகுதி வானத்தைப் பார்த்த பூமியாகவே இருக்கும். ஜூன் 12 என்பது நாட்காட்டியில் இன்னொரு நாள். அன்றைக்கு மலர் தூவ எந்த அமைச்சரும் வரமாட்டார். தேக்கிவைத்த தண்ணீர் இல்லாததால் குறுவை என்பது ஆற்றில் இயல்பாக வெள்ளம் வரும் நாளைப் பொறுத்தது. தலைமடைக்காரர் நாற்று விடும்போது கடைமடைக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். அணை ஏன் கட்டப்படவில்லை? "கட்டவில்லை" என்பது விளைவு, காரணமல்ல. 1924 பிப்ரவரியில் சென்னைக்கும் மைசூருக்கும் காவிரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அது கையெழுத்தாகவில்லை என்று வைத்துக்கொண்டால் காரணம் கையில் கிடைக்கிறது. கூடவே ஒரு வால் வரும். 50 ஆண்டு ஒப்பந்தம் இல்லாததால் 1974-ல் அது காலாவதியானதா என்ற சண்டையும் இல்லை. 1990-ல் அமைந்த நடுவர் மன்றம் அதே வடிவில் வராது. சண்டையே இருக்காது என்று நினைக்க வேண்டாம். வேறு சண்டை இருக்கும், வேறு பெயரில்.

ஆனால் மழையைத் தொடாதீர்கள். நீங்கள் மாற்றியது காகிதம். 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு வரவில்லை. உங்கள் கதையிலும் அது வந்தே தீரும். 1977 நவம்பரில் நாகையை அடித்த புயல், 2004 டிசம்பர் 26-ன் ஆழிப்பேரலை, 2018-ன் கஜா எல்லாம் அப்படியே. கரையில் இருந்தது எது, இல்லாதது எது என்பதுதான் மாறும். கஜா தென்னையைச் சாய்த்தது என்று எழுதுவதற்குமுன், புது ஆறு இல்லாத பட்டுக்கோட்டையில் அத்தனை தென்னை நின்றிருக்குமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. ஒப்பந்தம் போனதிலிருந்து உலகப் போர் வரைக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள். கடைசியில் பட்டம் எங்கே போனது என்றே தெரியாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பட்டம் வாங்கியவர் நிற்கும் இடத்திலிருந்து மட்டும் பாருங்கள். அவர் கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தை எழுதத் தேவையில்லை.

பின்னீர் மணியம் நிற்பது கடைமடையில். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம். மேட்டூர் இல்லாத காவிரியில் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது; வந்ததை மேலே உள்ளவர்கள் மறித்துக்கொள்வார்கள். அதனால் கடைமடை ஊர்கள் சில சேர்ந்து ஓர் ஆளை அமர்த்தி, வாய்க்கால் தலைப்பில் போய் உட்காரச் சொல்கின்றன. முறைப்படி மதகு திறக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. கூலி நெல்லாக, அதுவும் தண்ணீர் வந்து சேர்ந்த ஊர் மட்டும் கொடுக்கும். வராத ஊர் ஏன் கொடுக்க வேண்டும்? ஆகவே அவருக்கு மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரோடு சிநேகம் தேவைப்படுகிறது. சிநேகத்துக்கு வெற்றிலை பாக்கு, அப்புறம் அரை மூட்டை நெல். எந்த ஊர் அதிகம் கொடுக்கிறதோ அந்த ஊருக்கு இரவில் மதகு ஒரு சாண் கூடுதலாக உயர்கிறது. காவலுக்குப் போட்ட ஆளே வியாபாரி ஆகிவிட்டார். இந்த இடத்துக்கு வந்துவிட்டால் கதை தானே ஓடும், நீங்கள் பின்னால் போனால் போதும்.

முடிவையும் பாருங்கள். தமிழ்நாட்டில் கர்ணம், மணியம் போன்ற பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை 1980 நவம்பரில் ஒழித்தார்கள். பின்னால் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். உங்கள் பின்னீர் மணியம் அதில் போனாரா, அல்லது அவர் அரசுப் பதவியே இல்லை என்று சொல்லித் தப்பினாரா? இதற்குப் பதில் இல்லாத மணியக் கதையைக் கேட்பவர்களில் வயதானவர் ஒருவர் கண்டிப்பாகப் பிடித்துவிடுவார்.

அறிகுறி: பெயரைச் சொன்னதுமே யாரோ முகம் சுளிக்கிறார்

காலமும் சொல்லும் ஒட்டவில்லை. சோழர் காலக் கதையில் தாசில்தார் வந்திருப்பார், அல்லது நாயக்கர் அரண்மனையில் ஓவர்சியர். சோழர் அலுவலகம் வேண்டும் என்றால் திருமந்திர ஓலை நாயகம், புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி என்று அழகான பெயர்கள் கல்வெட்டில் கொட்டிக் கிடக்கின்றன. மராத்தியர் காலத்துக்கு சர்க்கேல் (அமைச்சர்), கில்லேதார் (கோட்டைத் தலைவர்), மராத்தியை எழுதிய மோடி எழுத்து. ஜமாபந்தியும் மிராசும் தெற்கே வந்தது அரபு, பாரசீக வழியில். சாவி என்பது போர்த்துகீசியச் சொல்; கதவுக்குச் சாவி போடுவதற்குமுன் போர்த்துகீசியர் வந்துவிட்டார்களா என்று பாருங்கள்.

இன்னொரு வகைச் சுளிப்பும் உண்டு. நீங்கள் கற்பனை என்று நினைத்துச் சூட்டிய பட்டம் பக்கத்து ஊரில் ஒரு குடும்பத்தின் பட்டப்பெயராக இருக்கும். தஞ்சை வட்டாரத்தில் இது மிகச் சாதாரணம். ராயர், தேவர், ஆர் விகுதியில் முடியும் எதுவும் யாருடைய வீட்டுப் பெயராகவாவது இருக்க வாய்ப்புண்டு. வேலையைச் சொல்லும் பெயராக மாற்றிவிடுங்கள். விளக்கு, மதகு, மரக்கால் என்று தொடங்கினால் சண்டைக்கு வர ஆள் குறைவு.

அறிகுறி: வருஷக் கணக்கு இடிக்கிறது

ரக்தாட்சி, தாது என்று தமிழ் வருஷப் பெயர் போட்டால் கதைக்கு வாசனை வரும், சரி. ஆனால் அந்தச் சக்கரம் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876. அடுத்த தாது 1936, அதற்கடுத்தது 1996. வெள்ளம் வந்த 1924 ரக்தாட்சி. மேட்டூர் திறந்த 1934 பவ. வருஷம் சித்திரையில் பிறக்கிறது என்பதால் ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரைக்கும் முந்தைய பெயர்தான். 1924 பிப்ரவரியில் நடந்ததற்கு ரக்தாட்சி என்று போட்டால் தப்பு, அது ருத்ரோத்காரி. முன்னோர்கள் வெறும் வருஷப் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போன கோபத்தை நாமும் நம் வாசகருக்குக் கொடுக்கலாம். வேண்டுமென்றே செய்தால் அது நல்ல தந்திரம்.

அறிகுறி: கதை பாடம் நடத்துகிறது

இரண்டாம் பத்தியிலேயே கேட்பவரின் கண் கைப்பேசிக்குப் போய்விட்டதா? நீங்கள் படித்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். விளக்கத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அந்த உலகத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுவாருங்கள். ஒரு மனு. ஒரு ரசீது. நீதிமன்ற வாக்குமூலத்தில் நாலு வரி. ஏலத் தண்டோரா. "எண்ணெய் ஒன்றே கால் படி வரவு, எரிந்தது முக்கால் படி, மிச்சம் காணோம்" என்று ஒரு கணக்கு ஒரு முழுப் பத்தி விளக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

காகிதம் செய்யும்போது சில இடங்களில் வழுக்கும். அச்சு நோட்டீஸ் 1978-க்கு முந்தியது என்றால் ணா, றா, னா, லை, னை போன்றவை பழைய வடிவில் இருக்க வேண்டும். அந்த ஆண்டில்தான் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. (பெரியாரின் பத்திரிகைகள் 1935 முதலே புது வடிவில் வந்தன, அது தனிக் கதை.) ஓலை என்றால் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது, படிக்கத் தடுமாறுவதுதான் அழகு. 1957-க்கு முன் கணக்கு அணாவிலும் தம்பிடியிலும் இருக்கும், நயாபைசா கிடையாது. மாவட்டத்தைக் கவனியுங்கள்: நாகப்பட்டினம் தனி மாவட்டம் ஆனது 1991, திருவாரூர் 1997, மயிலாடுதுறை 2020. 1960-ல் "திருவாரூர் மாவட்டம்" என்று முத்திரை குத்திய காகிதம் வந்தால் கதை அங்கேயே படுத்துவிடும். உங்கள் மாற்று உலகில் மாவட்டத்தை முன்பே பிரித்துவிட்டார்கள் என்றால் தாராளமாகப் பிரியுங்கள். ஆனால் அது உங்களுக்குத் தெரிந்து நடந்திருக்க வேண்டும்.

அறிகுறி: எல்லோரும் சிரித்தார்கள், ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படுகையின் பட்டங்களில் பாதி நிலத்தோடு கட்டுண்டவை. நிலத்துக்குப் பின்னால் பண்ணையாள் இருக்கிறார். மிராசுதாரை வைத்து ஒரு நகைச்சுவைப் பட்டம் கட்டும்போது, உங்கள் மாற்று வரலாற்றில் பண்ணை முறை இன்னும் முடியவில்லை என்று சொல்லாமலே சொல்லிவிட்டிருப்பீர்கள். எதிரில் இருப்பவரின் பாட்டி அந்த வயலில் நின்றவராக இருக்கலாம்.

நடந்தது இது: தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புக்குச் சட்டம் வந்தது 1952-ல். அதற்கப்புறமும் கூலிக்காகச் சங்கம் வைத்துப் போராட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி.

கீழ்வெண்மணியையே மாற்றிப்போட்டு விளையாடலாமா என்று கேட்டால், என் கருத்து: வேண்டாம். ஒரு பட்டத்துக்கு வேடிக்கைக் காரணம் தேட அந்த இரவு நமக்குக் கிடைத்த பொருளல்ல. பண்ணையாளைக் கதையிலிருந்து நீக்கிவிடுவதும் தீர்வாகாது. அப்படிச் செய்தால் நெல் தானே நடவாகித் தானே அறுவடையாகும். பார்க்கும் திசையை மாற்றுங்கள். பட்டத்தை மேலே இருந்தவர் சூட்டிக்கொண்டதாக இல்லாமல், கீழே இருந்தவர்கள் அவருக்கு வைத்த பெயராக எழுதுங்கள். தரங்கம்பாடி மரக்கால் இப்படித்தான் சரியானது. டேனிஷ்காரர்கள் 1620-ல் வந்தார்கள், 1845-ல் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்துத் தரங்கம்பாடியை 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். விற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மரக்கால், இந்தப் பக்கம் ஒரு மரக்கால், அளவு வேறு. குத்தகை வாங்கப் பெரிய மரக்கால், கூலி அளக்கச் சின்ன மரக்கால் என்று வைத்துக்கொண்ட ஒருவருக்கு அறுவடைக் களத்தில் பெண்கள் வைத்த பெயர் அது. சிரிப்பு இப்போதும் இருக்கிறது, யார் சிரிக்கிறார்கள் என்பது மாறிவிட்டது.

அறிகுறி: சொற்றொடர் யார் வாயிலும் உட்கார மாட்டேன் என்கிறது

பட்டத்துக்குச் சம்பளம் கேட்டதுபோல், வழக்குத்தொடருக்குத் தவறான பயன்பாட்டைக் கேளுங்கள். ஊரில் ஒரு தொடர் பழகிவிட்டால் அதன் மூலக்கதை பாதிப் பேருக்குத் தெரியாது. டேனிஷ்காரரைக் கேள்விப்பட்டே இராத ஒருவர், பாதி டம்ளர் டீ ஊற்றிய கடைக்காரரைப் பார்த்து "என்ன மாமா, தரங்கம்பாடி மரக்காலா?" என்று கேட்க முடிந்தால் தொடர் தேறிவிட்டது. அவருக்குப் பொருள் விளக்க ஆரம்பித்தீர்களோ, போச்சு.

அறிகுறி: கதையை நிஜம் என்று நம்பிவிட்டார்கள்

முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து அது கைகூப்பிய சின்னங்களோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "தமிழன் என்று சொல்லடா" என்ற முன்னுரையுடன் உங்களுக்கே வரும். பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்பதை இன்னும் எத்தனை பேர் நம்புகிறார்கள் என்று பாருங்கள். நன்றாகவே விழுகிறது, மாலையில் போய் அதில் உட்காரலாம். அந்தக் குப்பையில் நாமும் ஒரு கூடை கொட்டக் கூடாது.

அதனால் ஒவ்வொரு கதையிலும் பார்த்ததுமே பொய் என்று தெரியும் ஒன்றை முன்னாலேயே வையுங்கள். எங்கள் வழக்கம் "ஆடி 35" என்று தேதி போடுவது. ஆடிக்கு அத்தனை நாள் கிடையாது என்று இங்கே விதை விடுகிற எவருக்கும் தெரியும். தேதியை வெட்டிவிட்டு அனுப்புபவர்கள் உண்டு. அவர்களுக்காக நடுவிலும் ஒன்று வையுங்கள், பெயருக்குள்ளேயே இருந்தால் இன்னும் நல்லது. உண்மையான கல்வெட்டு எண்ணையோ செப்பேட்டின் பெயரையோ ஆதாரமாகக் காட்டாதீர்கள். பொய்க் கதைக்கு மெய்யான ஆதாரத்தை ஒட்டினால் பின்னால் வரும் மாணவர் யாரோ ஒருவர் அவதிப்படுவார்.

அறிகுறி: ஒரே பட்டத்துக்கு இரண்டு பேர் இரண்டு வரலாறு எழுதிவிட்டார்கள், இரண்டும் நன்றாக இருக்கிறது

இது பிழையே அல்ல. எது சரி என்று வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். ஒருவரை வாதியாகவும் மற்றவரைப் பிரதிவாதியாகவும் வைத்து, கோயில் முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்காக எழுதச் சொல்லுங்கள். இருவரும் ஆளுக்கொரு ஓலை காட்டட்டும். மூன்றாவது ஆள் தீர்ப்பு எழுதட்டும். தீர்ப்பில் பட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒருவர் முறை வைத்துக்கொள்ளலாம். மேல்முறையீட்டுக்கு யாராவது கை தூக்கினால் அடுத்த வாரத்துக்கு வேலை இருக்கிறது.